வயிற்று வலிக்கு மண்டையில் கரண்ட்: யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

தலவாக்கலை_டீச்சர் | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். வேலை இருப்பவர்கள் கடைசிப் பந்தியை மட்டும் படித்தால் போதும்.

எனக்குக் குரோன் நோய், குடல் அழன்று புண்ணாகும் நாள்பட்ட நோய். 2018இல் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்னால் சில மாதம் குடலில் காசநோய் என்று நினைத்து அதற்கு மாத்திரை விழுங்கினேன். (கெமராவில் பார்த்தால் இரண்டும் ஒட்டிப் பிறந்த மாதிரித்தான் இருக்குமாம். நம் பக்கத்து நாடுகளில் இந்தக் குழப்பம் சகஜம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதில் கோபம் இல்லை.) அதற்குள் 11 கிலோ போய்விட்டது. கல்யாணத்துக்குத் தைத்த பிளவுஸில் இரண்டு பேர் புகலாம். அப்புறம் ப்ரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்ட் மாத்திரை, முகம் பூசணிக்காய் ஆனது. பிறகு நோய் எதிர்ப்பை அடக்கும் அசதையோப்ரின், இன்றுவரை அதுதான்.

போன மாதம் மறுபடி குடலுக்குள் கெமரா விட்டுப் பார்க்கும் கொலோனொஸ்கோபி செய்தார்கள். புண் ஆறிவிட்டது. குடல் அழற்சியைக் காட்ட மலத்தில் பார்க்கும் கல்ப்ரொடெக்டினும் சாதாரண அளவுக்கு வந்துவிட்டது. வீட்டில் பாயாசம் வைத்தார்கள். ஆனால் வலி மட்டும் போகவில்லை. வலது அடிவயிற்றில், இடுப்பு எலும்புக்கு நாலு விரல் உள்ளே, ஈரத்துணியைப் பிழிவது மாதிரி ஒரு முறுக்கு. விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பிவிடும். காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் தேவாரம் பாடி முடிக்கும் வரை நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

கிளினிக்கில் சொன்னேன். டொக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புண்தான் இல்லையே, பிறகென்ன வலி? சும்மா யோசிக்காமல் இருங்கள்" என்றார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். என்னைப் பிழைக்க வைத்தவரும் அவர்தான். ஆனால் அன்றைக்கு ரயிலில் திரும்பி வரும்போது அழுதேன்.

கேள்வி இதுதான். தலையில் ஈரப் பஞ்சு வைத்து லேசாக மின்சாரம் விட்டால் குடல் நோய்க்காரர்களின் வலி குறைகிறது என்று ஒரு வீடியோ பார்த்தேன். உண்மையா? வயிற்றில் நோய், தலையில் வைத்தியமா?

பழைய_கங்காணி | இரவு 10.05

மகளே, வேண்டாம். எழுபதுகளில் எங்கள் தோட்டத்தில் ஒருவரைக் கொழும்புப் பக்கம் கொண்டுபோய் மண்டைக்கு ஷொக் கொடுத்தார்கள். திரும்பி வந்தவருக்குத் தன் காம்பரா எது என்றே மறந்துபோய், மூன்று நாள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். வயிற்று வலிக்குப் போய்த் தலையில் கைவைப்பார்களா? ஓமத் தண்ணீர் குடித்துப் பார்த்தாயா?

நானுஓயா_பிசியோ | இரவு 10.50

கங்காணி மாமா சொல்வது வேறு வைத்தியம். முதலில் அதைப் பிரித்துவிடலாம், இல்லாவிட்டால் இழை முழுக்க ஷொக் கதையாகவே போய்விடும். (நான் கண்டியில் பிசியோதெரபி வேலை செய்கிறேன், ஊர் நானுஓயா.)

ஷொக் வைத்தியத்தில் மயக்க மருந்து கொடுத்து, வலிப்பு வரும் அளவுக்கு மின்சாரம் விடுவார்கள். கிட்டத்தட்ட 800 மில்லி ஆம்பியர். டீச்சர் பார்த்த வீடியோவில் இருப்பது 2 மில்லி ஆம்பியர். ஒரு சின்ன எல்.ஈ.டி. பல்பு பளிச்சென்று எரிய 20 வேண்டும், அதில் பத்தில் ஒன்று. டி.டி.சி.எஸ். என்பார்கள். மண்டையோட்டைத் திறக்காமல் வெளியிலிருந்து செலுத்தும் நேர் மின்னோட்டம். உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சு, ஒரு ரப்பர் பட்டி, பற்றரியில் ஓடும் ஒரு பெட்டி, அவ்வளவுதான் சாமான். ஒரு பஞ்சு உச்சிக்குச் சற்றுப் பக்கத்தில், மற்றது பெரும்பாலும் நெற்றியில். 20 நிமிடம் உட்கார வேண்டும். நம் வகுப்பில் ஒருமுறை எனக்கே வைத்தார்கள். முதல் அரை நிமிடம் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது, பிறகு ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த அளவு மின்சாரம் நரம்பணுவைத் தானாகச் செய்தி அனுப்ப வைக்காது. சீக்கிரம் அனுப்புவதா, தாமதித்து அனுப்புவதா என்ற சாய்வை மட்டும் கொஞ்சம் மாற்றும். ஜெர்மனியின் கொட்டிங்கன் நகரில் நிட்ஷெ, பவுலுஸ் என்ற இருவர் 2000இல் இதை அளந்து காட்டினார்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அந்தச் சாய்வு சிறிது நேரம் நிற்கிறது.

குடல் நோய்க்குச் செய்த ஆய்வு பெர்லினில் நடந்தது, 2016இல் வெளியானது. குடல் அழற்சி நோயும் நாள்பட்ட வயிற்று வலியும் உள்ள 20 பேர். தொடர்ந்து 5 நாள், நாளைக்கு 20 நிமிடம், 2 மில்லி ஆம்பியர். ஒரு பிரிவுக்கு உண்மையான மின்சாரம், மற்றப் பிரிவுக்குப் போலி. போலி என்றால், அந்த எறும்பு ஊர்வது வரும் வரைக்கும் விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்கள், உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. உண்மை மின்சாரம் வாங்கியவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோதும் வயிற்றின் வலது பக்கத்தில் அந்தக் குறைவு நின்றிருந்தது.

ஆனால் இதையும் கேளுங்கள், டீச்சர். அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனைகளில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. குடலில் ஒன்றும் மாறவில்லை, வலி மட்டும் மாறியது. இது புண்ணுக்கு மருந்து இல்லை. 20 பேர் என்பது நம் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரு லயத்துச் சனம். அதை வைத்துக்கொண்டு ஊரைக் கூட்ட முடியாது.

தலவாக்கலை_டீச்சர் | இரவு 11.15

வலது பக்கமா! சரி, சரி, ஆசைப்படக்கூடாது.

எனக்கு இன்னொரு பயம். "மூளைக்கு வைத்தியம்" என்று சொன்னால், அந்த டொக்டர் சொன்னது சரி என்று ஆகிவிடாதா? எல்லாம் மனசுதான் என்று? எங்கள் மாமியார் காதில் விழுந்தால் அடுத்த நாளே முனியாண்டி கோயிலில் தாயத்துக் கட்டக் கூட்டிப் போய்விடுவார்.

நானுஓயா_பிசியோ | திங்கள், காலை 6.20

நல்ல கேள்வி. ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன்.

டிக்கோயாவில் எங்கள் சித்தப்பா வீட்டு லயத்தில் ஒருமுறை சிறுத்தை வந்தது. பக்கத்துக் காம்பரா நாயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. சித்தப்பா வீட்டு நாய் தப்பிவிட்டது. அதற்குப் பிறகு அந்த நாயைப் பார்க்க வேண்டும். கொய்யா இலை விழுந்தால் குரைக்கும், தபால்காரரைப் பார்த்துக் குரைக்கும், நடுராத்திரியில் சித்தப்பா கொட்டாவி விட்டாலும் குரைக்கும். சிறுத்தை மறுபடி வரவே இல்லை. நாய் நாலைந்து மாதம் யாரையும் தூங்கவிடவில்லை.

அந்த நாய் நடிக்கிறது என்று சொல்வீர்களா? அதற்குப் பைத்தியமா? ஒருமுறை உண்மையான சிறுத்தையைப் பார்த்த நாய் அது. குடலில் வருடக்கணக்கில் புண் இருந்தால் குடலிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புப் பாதை முழுக்க அந்த நாய் மாதிரி ஆகிவிடுகிறது. முதுகுத்தண்டில், மூளைத்தண்டில், அதற்கு மேலே, எல்லா இடத்திலும். சாதாரணமாக வாயு நகர்வதே இலை விழுவது மாதிரிதான், அதற்கே குரைக்கிறது. வலி உண்மை. சிறுத்தைதான் இல்லை. டொக்டர் சிறுத்தையைத் தேடினார், கெமராவில் அகப்படவில்லை, அதனால் குரைப்புச் சத்தமே இல்லை என்று சொல்லிவிட்டார்.

வலி உடம்பிலிருந்து மூளைக்கு ஒரு கம்பியில் நேராகப் போகும் செய்தி இல்லை, வழியில் கதவுகள் இருக்கின்றன என்று மெல்சாக், வால் இருவரும் 1965இலேயே எழுதிவிட்டார்கள். மேலிருந்து மூளையும் அந்தக் கதவைத் திறக்கும், மூடும். தலையில் வைக்கும் மின்சாரம் அந்த மேல் பக்கத்துக் கையைத் தொடப் பார்க்கிறது.

இன்னொரு வேடிக்கை, பஞ்சை வைப்பது வலியை உணரும் இடத்தில் இல்லை, கை காலை அசைக்கும் இடத்தில். 1991இல் ஜப்பானில் சுபோகாவா என்ற அறுவை மருத்துவரும் அவர் குழுவும் அந்த இடத்தின் மேல் மின்முனை பதித்து, எதற்கும் மசியாத ஒரு வகை வலி குறைவதைக் காட்டினார்கள். அசைவுக்கான அந்தப் பகுதியிலிருந்து வலியைக் கட்டுப்படுத்தும் உள் இடங்களுக்கு நரம்பு வழி போகிறது என்பது இன்றைய விளக்கம்.

பழைய_கங்காணி | காலை 7.02

நாய்க் கதை நன்றாக இருக்கிறது தம்பி. ஆனால் ஒன்று கேட்கிறேன். நாயின் வாயைக் கட்டிவிட்டால், சிறுத்தை மறுபடி வரும்போது யார் சொல்வது?

பூண்டுலோயா_வயர்மேன் | காலை 7.30

அக்கா, 2 மில்லி ஆம்பியர்தானே? 9 வோல்ட் பற்றரி ஒன்று, ஒரு ரெசிஸ்டர், பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்ச் இரண்டு. 500 ரூபாய்க்குள் நானே செய்து தருகிறேன். வெளிநாட்டில் நிறையப் பேர் வீட்டிலேயே செய்கிறார்கள், வீடியோ இருக்கிறது.

நானுஓயா_பிசியோ | காலை 7.41

வயர்மேன் தம்பி, கையை எடுங்கள்.

ஸ்பொஞ்ச் காயக் காயத் தோலின் தடை மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் ரெசிஸ்டருக்கு அது தெரியாது. ஈரமாக மிஞ்சியிருக்கும் ஒரு மூலையில் மின்சாரம் எல்லாம் குவிந்து தோலைப் பொசுக்கிவிடும். அப்படிப் புண்ணானவர்கள் உண்டு. மருத்துவப் பெட்டி தடையை அளந்துகொண்டே இருக்கும், எல்லை தாண்டினால் தானாக நின்றுவிடும். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் மெதுவாக ஏற்றி இறக்கும், இல்லாவிட்டால் கண்ணுக்குள் மின்னல் வெட்டும். பஞ்சு இரண்டு விரல் தள்ளிப் போனால் வேறு இடத்தைத் தொடுகிறீர்கள், நேரையும் எதிரையும் மாற்றினால் விளைவே தலைகீழாகலாம். வலிப்பு நோய் உள்ளவர்கள், மண்டையில் உலோகம் பதித்தவர்கள், பேஸ்மேக்கர் உள்ளவர்கள் பக்கத்திலேயே போகக்கூடாது.

பூண்டுலோயா_வயர்மேன் | காலை 7.44

சரி அண்ணே. எடுத்துவிட்டேன்.

மஸ்கெலியா_மகள் | திங்கள், மாலை 5.55

நான் எனக்காக எழுதவில்லை, அம்மாவுக்காக. அம்மாவுக்குப் பெருங்குடலில் புண் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். நம் நாட்டில் குரோனை விட இதுதான் கூடுதல் என்று சொன்னார்கள். அழற்சியை அடக்கும் மெசலசின் குடிக்கிறார். இப்போது இரத்தம் போவதில்லை. ஆனால் அவசரம் இருக்கிறது. வந்தால் ஐந்து நிமிடம் கூடத் தாங்காது.

அம்மா கொழுந்து பறிப்பவர். மலையில் கழிவறை இல்லை. எங்கள் டிவிஷனில் மேல் மலையிலிருந்து லயத்துக்கு இறங்க இருபத்தைந்து நிமிடம், மழையென்றால் நாற்பது. அதனால் அம்மா காலையில் சாப்பிடுவதே இல்லை. நாலரைக்கு எழும்பி எங்களுக்கு ரொட்டி தட்டி வைப்பார், தான் ஒரு மடக்கு வெறுந்தேத்தண்ணி, அதுவும் பாதியில் ஊற்றிவிடுவார். பகல் நிறுவை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் முதல் வாய். ஆறு வருடமாக இப்படி. ஒரு நாள் மலையில் ஆகிவிட்டது. படங்குச் சேலையைக் கழற்றி ஓடையில் அலசி, ஈரத்தோடு மறுபடி கட்டிக்கொண்டு கொழுந்து பறித்தார். இறங்கி வந்திருந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், அரை நாள் சம்பளம்தான், விழுந்திருக்கும். இதை அம்மா என்னிடம் சொல்லவில்லை. பக்கத்து நிரையில் பறித்த அக்கா சொன்னார்.

இந்த மின்சாரம் அவசரத்தைக் குறைக்குமா?

நானுஓயா_பிசியோ | மாலை 6.30

தங்கச்சி, அந்த ஆய்வு வலிக்குச் செய்தது. அம்மாவின் அவசரத்தைத் தீர்க்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

ஊவா_மருந்து | திங்கள், இரவு 9.10

பதுளைப் பக்கம் வேலை செய்யும் மருத்துவர் நான். குடல் நிபுணர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மஸ்கெலியா மகளுக்கு முதலில். அவசரம் மிச்சமிருப்பது, அழற்சி முழுக்க அடங்காததாலும் இருக்கலாம், அதுவும் மலக்குடல் பக்கத்தில். அம்மாவுக்கு வாயால் குடிக்கும் மெசலசின் மட்டும் என்றால், கீழ்வழியாக வைக்கும் மெசலசின் பற்றி அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். அந்த இடத்துக்கு நேரே போய்ச் சேரும். நம் சனம் வெட்கப்பட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். அம்மாவிடம் நீங்களே பேசுங்கள், மகள் சொன்னால் கேட்பார்.

டீச்சருக்கு. புண் ஆறிய பிறகும் வயிற்றுத் தொல்லை நிற்பவர்கள், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் இருக்கிறார்கள். நீங்கள் தனியாள் இல்லை. ஆனால் நாய்தான் என்று முடிவு கட்டுவதற்கு முன் தோட்டத்தை ஒரு தடவை சுற்றிப் பார்க்க வேண்டும். குரோனில் ஆறிய புண்ணே வடுவாகிக் குடலைச் சுருக்கிவிடலாம். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பி, முறுக்கி, வாந்தி வந்தால் அதை நினையுங்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதி பழுதானால் பித்த உப்பு உறிஞ்சப்படாமல் வயிற்றோட்டம் வரும். பித்தக்கல், சிறுநீரகக் கல் இரண்டும் குரோன்காரர்களுக்குக் கூடுதலாக வரும். இதையெல்லாம் ஸ்கேன் பார்த்துக் கழித்த பிறகுதான் மூளைப் பேச்சு.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறேன். வலிக்கு பாமசியில் டிக்ளோபினாக், ஐபுபுரூபன் வாங்கி விழுங்காதீர்கள். ஆறிய குடலை மறுபடி கிளறிவிடக் கூடிய மருந்துகள் அவை. டிரமடோல் வகையும் நெடுநாள் வேண்டாம், அதுவே குடலைக் கட்டிப்போட்டு வலியைக் கூட்டும். பரசிட்டமோல் பரவாயில்லை.

நரம்புப் பாதையை அமைதிப்படுத்த இப்போதே கைக்கெட்டுகிற ஒன்று இருக்கிறது. அமிட்ரிப்டிலின் என்ற பழைய மாத்திரை, ராத்திரியில் 10 மில்லிகிராம். மனச்சோர்வுக்குப் பல மடங்கு கொடுப்பார்கள், இந்த அளவு நரம்பு வலிக்கு. எரிச்சல் குடல் நோய் (குடலில் புண் இல்லாமலே வலி வரும் நோய்) உள்ள 463 பேரிடம் இங்கிலாந்தில் சோதித்து 2023இல் வெளியிட்டார்கள், வெற்று மாத்திரையை விட நன்றாக வேலை செய்தது. அது குரோன் நோயாளிகளிடம் செய்த சோதனை இல்லை, ஆனால் நரம்புப் பாதை ஒன்றுதான் என்பதால் நிபுணர்கள் இங்கேயும் கொடுப்பதுண்டு. வாய் காயும், காலையில் தூக்கம் இழுக்கும், மலம் இறுகும். தானாக வாங்கிக் குடிக்க வேண்டாம், கேட்டுக் குடியுங்கள்.

கங்காணி ஐயா கேட்ட கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும், அதுதான் இந்த இழையிலேயே நல்ல கேள்வி. வாயைக் கட்டினாலும் சிறுத்தையின் கால் தடம் மண்ணில் தெரியும். கல்ப்ரொடெக்டின், இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., எடை, இரத்தக் கணக்கு எல்லாம் கால் தடங்கள். வலி குறைந்தது என்று கிளினிக்கை விட்டுவிட்டால்தான் ஆபத்து. அசதையோப்ரினை எந்தக் காரணத்துக்கும் தானாக நிறுத்தாதீர்கள், அதற்கான இரத்தப் பரிசோதனையையும் தவறவிடாதீர்கள்.

பழைய_கங்காணி | இரவு 9.32

எங்கள் காலத்து டிஸ்பென்சரியில் வயிற்று வலிக்கும் காய்ச்சலுக்கும் ஒரே போத்தலில் மிக்சர் ஊற்றித் தருவார் மருந்துக்காரர். போத்தலை நாமே கொண்டுபோக வேண்டும். இத்தனை விளக்கத்தை அன்றைக்கு எவனாவது சொல்லியிருந்தால் என் தம்பி இருந்திருப்பான். சரி, அது கிடக்கட்டும்.

இயற்கை_நிவாரணம்77 | செவ்வாய், காலை 11.00

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது.]

மட்டுறுத்துநர் | காலை 11.20

காதில் மாட்டும் கிளிப், "குரோன் 21 நாளில் பூரண குணம்", வங்கிக் கணக்கு இலக்கம். தூக்கிவிட்டேன். மறுபடி போட்டால் ஆளையும் தூக்குவேன்.

தலவாக்கலை_டீச்சர் | மாலை 3.15

நீக்குவதற்கு முன் பார்த்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் பத்து நிமிடம் மனம் ஆடியது. காதுக்கும் குடலுக்கும் சம்பந்தமே இல்லையா?

நானுஓயா_பிசியோ | இரவு 8.40

அதுதான் கஷ்டம், சம்பந்தம் இருக்கிறது. வேகஸ் என்ற நரம்பு மூளைத்தண்டிலிருந்து இறங்கிக் கழுத்து வழியாகக் குடல் வரை போகிறது. அதில் பெரும் பகுதி, ஐந்தில் நாலு பங்கு, வயிற்றிலிருந்து மேலே செய்தி கொண்டுபோகும் இழைகள். ஒரு சின்னக் கிளை காது மடலுக்கும் வருகிறது. பிரான்சின் கிரெனோபிளில் குரோன் நோயாளிகள் 7 பேருக்குக் கழுத்தில் அறுவை செய்து அந்த நரம்பைத் தூண்டும் கருவி பதித்தார்கள். அந்த அறிக்கையும் 2016இல்தான் வந்தது. இரண்டு பேருக்கு நோய் கூடி இடையிலேயே ஆய்விலிருந்து விலக்க வேண்டியிருந்தது, ஐந்து பேர் தேறினார்கள். இதில் பார்த்தது வலியை மட்டும் இல்லை, அழற்சியையும். அமெரிக்காவில் காதில் ஒட்டும் ஒரு கருவிக்கு 2019இல் அனுமதி கொடுத்தார்கள், ஆனால் அது பதின்ம வயதுப் பிள்ளைகளின் எரிச்சல் குடல் வலிக்கு, குரோனுக்கு இல்லை.

ஆக, கிளிப் விற்பவர் பாதி உண்மையை வைத்துக்கொண்டு முழுப் பொய்யை விற்கிறார். முழுப் பொய்யாக இருந்தால் நீங்கள் பத்து நிமிடம் ஆடியிருக்க மாட்டீர்கள்.

தலவாக்கலை_டீச்சர் | செவ்வாய், இரவு 10.30

ஒன்று கவனித்தேன், இங்கே எழுதும்போதுதான்.

கிளினிக்கில் எனக்குக் கிடைக்கும் நேரம் நாலு நிமிடம். டொக்டர் சிங்களத்தில் கேட்பார், "ரிதெனவாத?" நான் "ரிதெனவா" என்பேன். வலிக்கிறதா, வலிக்கிறது. என் சிங்களம் கடையில் மா வாங்கவும் பஸ்ஸில் இடம் கேட்கவும் போதும், வலியைப் பிரித்துச் சொல்லப் போதாது. தமிழில் எனக்கு எத்தனை இருக்கிறது! குத்து வேறு, கடுப்பு வேறு, உளைச்சல் வேறு, எரிவு வேறு, இழுவை வேறு, முறுக்கு வேறு. 2018இல் எனக்கு இருந்தது கடுப்பு, போகப் போக இரத்தத்தோடு. இப்போது இருப்பது முறுக்கு, அதுவும் விடியலில், சாப்பாட்டோடு சம்பந்தமே இல்லாமல். இரண்டும் ஒரே வலி இல்லை. ஆனால் கிளினிக் கொப்பியில் ஆறு வருடமும் ஒரே சொல்தான் எழுதியிருக்கிறது. அவர் பக்கம் நின்று பார்த்தால், புண் இருந்தபோதும் "ரிதெனவா", புண் இல்லாதபோதும் "ரிதெனவா". மனுஷன் என்னதான் செய்வார்.

ஊவா_மருந்து | இரவு 10.52

இதை எழுதிக்கொண்டு போங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எந்த நேரம், எந்த இடம், எத்தனை நிமிடம், சாப்பிட்டதோடு சம்பந்தம் உண்டா, மலம் போனால் குறைகிறதா, பத்துக்கு எத்தனை. பழைய வலியும் புதிய வலியும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நிரலாக. சிங்களத்தில் யாரையாவது எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் பாடசாலையில் சிங்களம் படிப்பிக்கும் டீச்சர் இருப்பாரே?

பூண்டுலோயா_வயர்மேன் | இரவு 10.58

என் மனைவி ஹட்டனில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறார் அக்கா. இன்பொக்ஸில் அனுப்புங்கள், காசு வேண்டாம். பற்றரியை விட இது உருப்படியான வேலை என்கிறார்.

பழைய_கங்காணி | புதன், காலை 6.40

மஸ்கெலியா மகளே, உங்கள் தோட்டத்துக் கமிட்டித் தலைவர் யார் என்று எனக்குத் தனியாக எழுது. மலையில் கழிவறை கேட்டு எங்கள் பக்கத்தில் பெண்கள், காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு மாதத்தில் கட்டினார்கள். கடிதம் எப்படி எழுதினோம் என்று காட்டுகிறேன். அம்மாவின் நோயை அதில் எழுதாதே. எல்லாப் பெண்களுக்கும் என்று எழுது.

தலவாக்கலை_டீச்சர் | ஐந்து வாரம் கழித்து, சனி, மாலை 4.20

யாராவது இன்னும் இந்த இழையைப் பார்க்கிறீர்களா?

வயர்மேன் தம்பியின் மனைவி எழுதித் தந்த தாளைக் கொண்டுபோனேன். காலை ரயிலில்தான் போனேன். பஸ் சீக்கிரம் போகும், ஆனால் ரயிலில்தான் கழிவறை இருக்கிறது, என் மாதிரி ஆட்களுக்கு அதுதான் முதல் வகுப்பு. டொக்டர் தாளை இரண்டு தடவை படித்தார். பிறகு, ஆறு வருடத்தில் முதல் தடவையாக, வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு "எங்கே, விரலால் காட்டுங்கள்" என்றார்.

ஸ்கேன் எடுத்தார்கள். சுருக்கம் இல்லை, கல் இல்லை. அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் ராத்திரிக்கு எழுதினார். முதல் வாரம் வகுப்பில் நின்றுகொண்டே தூங்கினேன், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒன்பது மணிக்குப் போட்டுவந்ததை ஏழரைக்கு மாற்றினார், இப்போது பரவாயில்லை. வாய் காய்கிறது, போத்தலும் கையுமாகத் திரிகிறேன். வலி பத்துக்கு ஆறாக இருந்தது நாலாக இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் நாலு மணிக்கு எழும்பாமல் தூங்குகிறேன்.

தலையில் வைக்கும் மின்சாரத்தைப் பற்றியும் கேட்டுவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அந்த பெர்லின் ஆய்வைத் தன் போனில் தேடிப் பார்த்தார். "இருபது பேர், ஐந்து நாள், ஒரு வாரம் மட்டும் பின்தொடர்ந்திருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து என்ன ஆகும் என்று இதில் இல்லையே" என்றார். இந்த வலிக்கு அவர் யாரையும் அதற்கு அனுப்பியதில்லையாம். இங்கே முறையாக ஒரு ஆய்வு தொடங்கினால் என் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னேன். கொப்பியின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார்.

எழும்பும்போது, "அன்றைக்கு யோசிக்காதீர்கள் என்று சொன்னேனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்தார்.

நானுஓயா_பிசியோ | மாலை 5.05

ஆறிலிருந்து நாலு! சித்தப்பா வீட்டு நாயும் இப்போது தபால்காரரை விட்டுவிட்டது. கொட்டாவிக்கு இன்னும் குரைக்கிறதாம்.

மஸ்கெலியா_மகள் | இரவு 8.15

நானும் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் கீழ்வழி மருந்து கொடுத்தார்கள். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார், மூன்றாம் நாள் தானே கேட்டு வாங்கினார். அவசரம் பாதியாகக் குறைந்திருக்கிறது.

கங்காணி தாத்தா காட்டின மாதிரியே கடிதம் எழுதினோம், 43 பெண்கள் கையெழுத்து. மேல் மலையில் சுவர் எழும்பிவிட்டது, கூரைத் தகடும் போட்டாயிற்று. கதவு மட்டும் அடுத்த மாதம் என்கிறார்கள். அதுவரைக்கும் உரச் சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அம்மா சாக்கின் அடி ஓரத்தில் இரண்டு கல்லை வைத்துத் தைத்திருக்கிறார், காற்று தூக்காமல் இருக்க. இன்றைக்குக் காலையில் அரை ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் போனார்.